காணி விடுவிக்கப்பட்ட பிறகும் முகாமில் இருந்தவர்கள்: வலிகாமம் வடக்கு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1990 யூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது பலாலி, மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, காங்கேசன்துறை என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வலிகாமம் வடக்கின் ஊர்களில் இருந்து சனம் கையில் அகப்பட்டதோடு கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் செம்மண் தோட்டக்காரர் இருந்தார். சீமெந்துத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் எடுத்தவர் இருந்தார். வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி இருந்தார். அவரோடு பங்குக்குத் தொழிலுக்குப் போனவரும் இருந்தார். கள்ளுச் சீவியவர், கல்லுடைத்தவர், அடுத்தவரின் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறியவர் எல்லோரும் ஒரே வீதியால்தான் தெற்கே வந்தார்கள்.

அவர்கள் விட்டு வந்த காணி இராணுவத்தின் கையில் இருந்தது. 25 வருடம் கழித்தும் மல்லாகம், சுன்னாகம் பக்கத்தில் நலன்புரி நிலையங்கள், அதாவது இடம்பெயர்ந்தோர் முகாம்கள், இருந்தன. சபாபதிப்பிள்ளை முகாம், நீதவான் முகாம், கோணாப்புலம் முகாம் என்று அவற்றுக்கு ஊர்ப்பெயர் போலவே பெயர்களும் நிலைத்துவிட்டன. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தோட்டக்காரரும் உத்தியோகத்தரும் அங்கே இல்லை என்பது. முகாம்களுக்குள் போய் ஆய்வு செய்தவர்கள் கண்டதும் இதுதான்: எஞ்சியிருந்தோரில் மிகப் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள். பலருக்குத் திரும்பிப் போகவும் சொந்தமாக ஒரு துண்டுக் காணி கிடையாது.

ஒரே கிழமையில் வெளியேறியவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து போனார்கள்? யாழ்ப்பாணத்து வறுமையை மாத வருமானத்தை வைத்து அளக்கப் போனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. இங்கே அதை அளக்கும் கோல் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், என்பது என் கணிப்பு. உறுதி இல்லாதவருக்குக் கடன், வீட்டுத்திட்டம், வழக்கு, அரசியல் கோரிக்கை எதிலுமே நுழைவாசல் சரியாகத் திறக்கவில்லை.

முதலில் வெளியேறியவர்கள்

இடம்பெயர்ந்த முதல் சில வருடங்களில் முகாமை விட்டுப் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால் கதை விளங்கும். சிலருக்கு மானிப்பாயிலோ கொக்குவிலிலோ உறவினர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. சிலர் வாடகைக்குப் போனார்கள். சிலர் கொழும்புக்கும் அங்கிருந்து கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன் என்றும் போனார்கள். ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டும் காசு சும்மா வருவதில்லை. நகையை அடகு வைக்க வேண்டும், இல்லையென்றால் காணியை ஈடு வைக்கவோ விற்கவோ வேண்டும். அகதியாகப் போவதற்கே ஒரு முதல் தேவைப்பட்டது. அது இருந்தவர் போனார், உழைத்து அனுப்பினார், அந்தக் காசில் பின்னால் இருந்தவர்களும் முகாமை விட்டு வெளியே வந்தார்கள். பிறகு அதே காசு திரும்பி வந்து யாழ்ப்பாணத்திலேயே காணி வாங்கியது. விலை ஏறியது. கூலிக்காசில் ஒரு பரப்பு வாங்கலாம் என்று நினைத்திருந்தவருக்கு அந்த நினைப்பும் போனது. ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். நாம் பேசிக்கொண்டிருப்பது அவ்வளவு சின்ன நிலத்தைப் பற்றித்தான்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கு நடந்தபோது முகாம் சனமும் இன்னொரு முறை நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள், இவர்கள் முகாமுக்குப் போனார்கள்.

உறுதியும் வேலியும்

காணி ஏன் இவர்களிடம் இல்லாமல் போனது என்பதற்குப் போரில் பதில் கிடையாது. அதற்குப் பின்னால் போகவேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த அந்தத் தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் சேர்ந்தே இருந்தன. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்தபோது விடுதலையானவர் கையில் யாரும் காணியைக் கொடுக்கவில்லை. அவர்கள் முன்பிருந்த வளவுகளிலேயே, உடையவரின் தோட்டத்துக்கும் பனைக்கும் உழைப்பைக் கொடுத்துக்கொண்டு, கோயில் காணியிலும் குடிமனைக் காணியிலும் குடியிருந்தார்கள். இருக்கச் சொன்னால் இருக்கலாம், எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும்.

தேசவழமைக்கு இன்னொரு முகமும் உண்டு. பங்குக்காணியை வெளியாளுக்கு விற்க முன்னர் உடன்பங்காளருக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கு. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. குடும்பச் சொத்தைக் காப்பதற்கான ஏற்பாடுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஊரில் காணி ஏற்கெனவே ஒரு சாதியிடம் குவிந்திருக்கும்போது, அது சுற்றிச்சுற்றி அதே கைகளுக்குள்ளேயே நிற்பதற்கு இந்த ஏற்பாடும் உதவுகிறது. அதோடு எழுதாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. "அவைக்கு வித்தால் பக்கத்துக் காணிக்காரர் என்ன சொல்லுவினம்" என்ற அந்த ஒரு வசனத்தால் நின்றுபோன விற்பனைகளை உறுதி எழுதும் எந்த நொத்தாரிசின் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் காணியோடு சேர்ந்து வருவது கிணறு. இங்கே எழுதப்படும் உறுதிகளில் எல்லை சொல்லி முடிந்ததும் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் உரிமை என்று எழுதுவார்கள். நிலம் இல்லாதவருக்கு அந்த வரிகளும் இல்லை. தண்ணீருக்கு அடுத்தவரின் படலையில் நிற்க வேண்டிய ஆள் அந்த வீட்டாருக்கு எதிராக ஒரு கூட்டத்தில் கை உயர்த்துவாரா? பொருளாதாரம் அரசியலாக மாறுவது இந்த மாதிரி இடங்களில்தான், தேர்தல் அன்று மட்டும் இல்லை.

வன்னியில் என்றால் அரச காணி இருந்தது. அனுமதிப்பத்திரத்தோடு குடியேற்றத் திட்டங்கள் வந்தன. குடாநாட்டில் அரச காணி மிகக் குறைவு, பெரும்பாலானது தனியார் காணி. மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வேண்டும் என்று நாம் பல வருடமாகக் கேட்டுவருகிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் நாளைக்கே வந்தாலும், அரச காணியே அரிதான வலிகாமத்தில் காணியற்றவருக்குக் கொடுக்க அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

விடுவிப்பு வந்தது

போர் 2009 மேயில் முடிந்தது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நல்ல போராட்டம், தேவையான போராட்டம். ஆனால் மனுப்போட உறுதி வேண்டும். 1990 வரை ஒருவருடைய வளவில் தலைமுறையாகக் குடியிருந்து, அதே கிழமையில் அதே ஷெல்லுக்கு ஓடியவர் அந்த வழக்கில் ஆளே இல்லை.

2015இல் ஆட்சி மாறிய பிறகு காணி கட்டம் கட்டமாக விடுபட்டது. அந்த டிசம்பரில் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணாப்புலம் முகாமுக்கே வந்து, ஆறு மாதத்தில் இதை முடிப்பேன் என்றார். ஆறு மாதம் போனது, முகாம்கள் இருந்தன. இராணுவம் முழுவதையும் விடவில்லை என்பது ஒரு காரணம், அது உண்மை. விடுவித்த காணியில் போய் நிற்க எல்லோருக்கும் இடமில்லை என்பது மற்றக் காரணம். இதை மேடையில் அவ்வளவாக யாரும் சொல்லவில்லை.

உறுதி இருந்தவர்களிலும் எளியவருக்குச் சிக்கல் இருந்தது. 1990இல் ஒரு குடும்பமாக ஓடி வந்தவர்கள் 2015இல் மூன்று, நான்கு குடும்பம். பதிவில் இவர்களை உப குடும்பம் என்பார்கள். ஊரில் இருப்பது அதே இரண்டு பரப்பு. மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதினால் மற்றப் பிள்ளைகள் காணியற்றோர் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள்.

2016இல் இன்னொரு சட்டம் வந்தது. போரால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் போனவர்களுக்கு எதிராக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அந்தக் காலவிதிப்புச் சிறப்பேற்பாடுகள் சட்டம். சாதாரணமாகப் பத்து வருடம் ஒருவர் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம். துரத்தப்பட்டவரின் காணியை இருந்தவர் விழுங்கிவிடக் கூடாது என்பது நியாயம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களை நினைத்தாலே அந்த நியாயம் தெரியும். அதே நேரம், போர்க்காலம் முழுக்க ஒரு வெறும் வளவில் கொட்டில் போட்டு வாழ்ந்த காணியற்ற குடும்பத்துக்கு இருந்த ஒரே சட்டப் பிடியும் அதோடு தளர்ந்தது. உடையவரைக் காத்த சட்டத்தோடு, குடியிருந்தவருக்கு மாற்றுக் காணி என்று இன்னொரு ஏற்பாடும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மயிலிட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அது. துறைமுகமும் அதைச் சேர்ந்த காணியும் 2017 யூலையில் திரும்பின. இடையில் இருந்த 27 வருடமும் மயிலிட்டித் தொழிலாளர் மற்றவர்களின் கரைகளில் தொழில் செய்தார்கள். ஒவ்வோர் இறங்குதுறைக்கும் ஒரு சங்கம் உண்டு, யாருடைய வள்ளம் எங்கே இழுத்து வைப்பது என்பது அதன் முடிவு. வந்தவர் அங்கே கூலியாகத்தான் நிற்கலாம். துறைமுகம் திரும்பியபோது கடலுக்குப் போகச் சொந்த வள்ளமும் இயந்திரமும் யாரிடம் இருந்தன? கடலில் தென்னிந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் காலம் வேறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியபோது, சிறிய வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருந்தவர்களில் பலர் கடலுக்குப் போவதை விட வீட்டில் இருப்பது இலாபம் என்று இருந்துவிட்டார்கள்.

வீடு வந்தது, கடனும் வந்தது

இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில் பயனாளி தானே கட்டும் முறையில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்தால் அடுத்த தொகை, கூரை மட்டம் வந்தால் அதற்கடுத்தது. இடையில் சீமெந்து விலையும் மேசன் கூலியும் ஏறும். ஒரு கட்டம் முடியாவிட்டால் அடுத்த காசு வராது, ஆகவே அந்தக் கட்டத்தை முடிக்கக் கடன் வாங்க வேண்டும். வெளிநாட்டில் தம்பி இருந்தால் கடன் வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இல்லாதவருக்கு மிச்சம் நகை, அது முடிந்தால் கிழமைக் கடன். இந்தத் திட்டத்துக்கும் முதல் நிபந்தனை காணி என்பதைச் சொல்லத் தேவையில்லை. காணியற்றவர் இந்தக் கடனுக்குக்கூடத் தகுதி பெறவில்லை, அவர் வாங்கியது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும்.

நுண்கடன் நிறுவனங்கள் போர் முடிந்த கையோடு வடக்கே வந்தன. பிணை கேட்பதில்லை, பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். காணி உறுதி கேட்கும் வங்கி திருப்பி அனுப்பியவருக்கு இது வரமாகத்தான் தெரிந்தது. கணக்கைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டு: 50,000 ரூபாய் கடன், கிழமைக்கு 1,200 ரூபாய்ப்படி 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400 ரூபாய்தானே, 25 வீதம்கூட இல்லையே என்று வாங்குகிறவர் நினைப்பார். ஆனால் முதல் கிழமையில் இருந்தே முதலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார். வருடம் முழுவதும் சராசரியாகக் கையில் இருப்பது 50,000இல் பாதியளவுதான். உண்மையான ஆண்டு வட்டி 45 வீதத்தைத் தொடுகிறது. நகைக்கடனும் தோட்டக் கடனும் எடுத்தவர் இதைவிடக் குறைவாகவே கட்டியிருப்பார். இல்லாதவருக்குத்தான் காசு அதிக விலைக்கு விற்கப்பட்டது. ஒரு கிழமைக் கட்டுக்காசைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் குழுச் சேர்வது, அதைக் கட்ட மூன்றாவது ஒன்று. காசு சேர்க்க வரும் பெடியன் வீட்டு விறாந்தையில் மணிக்கணக்காக இருப்பான். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே குழு என்றபடியால் முகம்கொடுத்துப் பேச முடியாது. ஊரில் மிச்சமாக இருந்த ஒரே செல்வம், ஆபத்துக்கு உதவும் அயல். அதைத்தான் பிணையாக எடுத்தார்கள்.

2018இல் அரசாங்கம் யாழ்ப்பாணம் உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, தவணை தவறிய பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் வந்தது. பட்டினி கிடந்தும் தவணை தவறாமல் கட்டியவருக்கு அதில் ஒன்றும் இல்லை. உச்சவரம்பும் பதிவுபெற்ற நிறுவனத்துக்குத்தான், மீற்றர் வட்டி என்ற கந்துவட்டிக்குக் கொடுப்பவருக்கு இல்லை. இதற்கு மாற்றாக யாழ்ப்பாணத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது: சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், சங்கக்கடை. 1970களில் கள்ளுத் தொழிலாளர் குத்தகைக்காரரின் பிடியில் இருந்து விலகிக் கூட்டுறவாகச் சேர்ந்தபோது, சாதியால் ஒதுக்கப்பட்ட தொழிலுக்கே ஒரு கணக்குப் புத்தகமும் சேமலாபமும் வந்தது. காணியே இல்லாமல் ஒரு சமூகம் தலை நிமிர்ந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அதை நாம் போதிய அளவு கொண்டாடியதில்லை.

வாக்கு

எல்லோருக்கும் வாக்கு 1931இல் வந்தது. அரசியலமைப்பைச் சீர்திருத்த வந்த டொனமூர் ஆணைக்குழு அதைப் பரிந்துரைத்தபோது எதிர்த்தவர்களில் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களில் சமாசனம், அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாங்கு, என்பதற்கு எதிராகப் பள்ளிகள் எரிந்தன. 1957இல் சாதி ஒதுக்கலைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களின் முன்னணியில் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் நின்றார். மாவிட்டபுரம் வலிகாமம் வடக்கில்தான் இருக்கிறது. 22 வருடம் கழித்து அதே பகுதியில் இருந்துதான் இரு தரப்பும் ஓடி வந்தன.

ஒடுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து ஒருவர் வடக்கில் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது 1977இல், உடுப்பிட்டியில் த. இராசலிங்கம். அதற்கு முன் 1970இல் எம். சி. சுப்பிரமணியம் போனது கொழும்பு அரசாங்கத்தின் நியமனத்தால். வாக்குரிமைக்கும் முதல் வெற்றிக்கும் இடையில் 46 வருடம். கொழும்பின் கை சில வேளை எளியவருக்கு உதவியது, அதைத் தமிழ்க் கட்சிகள் துரோகம் என்று மட்டும் வாசித்தன. எனக்கு அது அவ்வளவு நேரான கணக்காகத் தெரியவில்லை. ஊருக்குள் கிணறும் வாசலும் மூடியிருக்கும்போது ஆள் வெளியேதான் கதவைத் தட்டுவார்.

போருக்குப் பிறகும் இதே கோடு நீளுகிறது. இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று பேசிய கட்சிகளுக்கு வாக்குப் போட்ட வீட்டிலேயே, வீட்டுத்திட்டப் பட்டியலுக்கும் வள்ளத்துக்கும் பிள்ளையின் வேலைக்கும் அரசோடு இருந்த ஈ.பி.டி.பி.யிடம் போய் நின்றவரும் இருந்தார். அந்தக் கட்சியின் தலைவர் டக்ளஸ் தேவானந்தா 1994இல் இருந்து 30 வருடம் பாராளுமன்றத்தில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2024 நவம்பரில் அவர் தோற்றார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று கொழும்பில் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தமிழ்த் தேசியம் தோற்றுவிட்டது என்று சிலர் அழுதார்கள், சிலர் கைதட்டினார்கள். பட்டியலில் பெயர் வர ஒரு தலைவரைப் பிடிக்க வேண்டும் என்ற பழைய முறையில் சனம் களைத்துவிட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

பட்டியல் இப்போது வேறு உருவத்தில் வருகிறது. வறியவருக்கான சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும என்ற உதவித்திட்டம், 22 குறிகாட்டிகளால் ஒரு வீட்டின் வறுமையை எண்ணுகிறது. வீட்டின் நிலையும் அதில் ஒன்று. கடனோடு எழும்பிய, பூச்சுப் பூசாத கல்வீடு அந்தக் கணக்கில் சொத்து. அதன் கடன் சொத்தில் இருந்து கழிபடாது. பெயர் வராதவர்கள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டுப் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். கிராம அலுவலரான விதானையாரைத் திட்டினார்கள். அவர் கையில் அதிகம் இல்லை.

ஒரு சின்ன உதாரணம், ஒரு கேள்வி

காணியற்றவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. 2016இல் கீரிமலையில் இராணுவத்தினர் கட்டிய 100 வீடுகள் முகாம் குடும்பங்களுக்குக் கையளிக்கப்பட்டன. நல்லிணக்கபுரம் என்று பெயர் வைத்தார்கள். இடம்பெயர்த்தவர்களே வீடு கட்டிக் கொடுத்தது பலருக்குக் கசந்தது, நியாயம்தான். இருந்தாலும் நிலமில்லாத குடும்பத்துக்கு நிலத்தோடு வீடு கொடுக்க முடியும் என்பதை அது காட்டியது. தனியாரிடம் காணி வாங்கிக் கொடுப்பதும் முடியாத காரியம் இல்லை. விலை மதிப்பீட்டுத் திணைக்களம் இருக்கிறது. விற்கத் தயாரான, வெளிநாட்டில் இருக்கும் உடையவர்கள் இருக்கிறார்கள். பற்றை மண்டிய வளவுகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. கோயில்களிடமும் காணி இருக்கிறது.

2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் அரசுக்குப் போகும் என்று வர்த்தமானி வந்தது. அதில் பெரும் பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில். தமிழ்க் கட்சிகள் எதிர்த்தன, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் அரசாங்கம் மீளப்பெற்றது. உறுதியுள்ளவருக்காக இவ்வளவு விரைவாகச் சேர முடிகிறது என்றால், காணியற்றோர் பதிவேடு ஒன்றைப் பிரதேச செயலகம் தோறும் பகிரங்கமாக வைக்கச் சொல்லி ஏன் ஒருமுறையும் சேரவில்லை? வட மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. நடக்கும் நாளில் வாக்குக் கேட்டு வருபவரிடம் வலிகாமம் வடக்குச் சனம் கேட்க வேண்டியது: இந்தப் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு எத்தனை பரப்பு, எந்த ஊரில், யாரிடம் வாங்கி, எந்த வருடத்துக்குள்?